காரில் எரிந்த நாமம்

கவரைப்பேட்டை,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

ஆர்.கே.பேட்டையில் நெல்லுக்கும் சொல்லுக்கும் பேர்போன திரு. தணிகைவேல் அவர்களின் சமூகத்துக்கு, கவரைப்பேட்டை துளசிராமன் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் எனக்கும் என் மகன் விமலுக்கும் தலைமுடி நீங்கலாக மற்றதெல்லாம் நலம். என் மனைவி ஈஸ்வரி முடியோடு நலம். அவ்விடம் தாங்களும், தங்கள் துணைவியார் பூவம்மாளும், செல்வி பூமிகாவும், கன்று போட்ட சிவப்புப் பசுவும், கதிர் முற்றி நிற்கிற வயலும் குறைவில்லாமல் இருக்கத் திருத்தணி முருகனை வேண்டுகிறேன்.

மேலே முதலில் 'சம்பந்தி அவர்களுக்கு' என்றுதான் எழுதினேன். அப்படி எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று சந்தேகம் வந்து அடித்தேன். அடித்தது பளிச்சென்று தெரிந்தது. அதனால் வேறு தாள் எடுத்து மறுபடி தொடங்கியிருக்கிறேன். போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. அதனால் ஒரு நன்மை, தாங்கள் வைத்திருக்கிற முருகன் பாட்டைத் தினமும் கடைசி வரை கேட்கிறேன். என்ன குரல், என்ன உருக்கம்! இருந்தாலும் பாட்டு முடிந்ததும் ஒரு பெண் வந்து தாங்கள் பதில் சொல்லவில்லை என்று சொல்லிவிடுகிறாள். ஆகவே கடிதம். இதைத் தாங்கள் மொட்டைக் கடிதம் என்று தள்ளிவிட வேண்டாம். மொட்டைத் தலையன் எழுதுகிற கடிதம்தான், ஆனால் கீழே கையெழுத்து இருக்கிறது.

அன்று நடந்தது தங்களுக்குத் தெரியும். தை பிறந்து நல்ல நாள் பார்த்து, பூமிகாவின் தலையில் பூ வைத்துச் சம்பந்தத்தை உறுதி செய்ய நாங்கள் வருவதாகப் பேச்சு. ராகுகாலத்துக்கு முன்னால் வரவேண்டியவர்கள், தங்கள் வீட்டில் சாம்பார் இரண்டாம் முறை சூடு பண்ணி அதுவும் ஆறிப்போன பிறகு வந்தோம். வந்ததும் நானும் மாப்பிள்ளைப் பையனும் மழுமழுவென்று மொட்டையாக வந்தோம். தாங்கள் எங்களைத் தட்டோடும் பழத்தோடும் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். தங்கள் நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் தங்களைப் போல அவ்வளவு கம்பீரமாகச் செய்திருக்க முடியாது. வாசலில் நின்று துண்டை உதறித் தோளில் போட்டீர்களே, அதை இன்னும் மறக்க முடியவில்லை. ஈஸ்வரி என்னைப் பற்றி எப்போதும் சொல்வாள், "எமனே நேர்ல வந்தாலும், எருமை ஷோக்கா கீதுன்னு சொல்ற ஆளு நீ" என்று. என் சுபாவம் அப்படி, எதையும் மெச்சாமல் இருக்கத் தெரியாது. அன்றைய வினை எல்லாம் அந்தச் சுபாவத்தில்தான் ஆரம்பித்தது.

விமலுக்குப் பெண் தேடி நாங்கள் அலைந்த அலைச்சல் தங்களுக்குத் தெரியாது. பையன் இரும்பு உருக்காலையில் ஷிப்ட் சூப்பர்வைசர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, சொந்தமாகக் கார் வேறு எடுத்திருக்கிறான். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் "ஊடு எங்க?" என்பார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் என்றதும் முகம் மாறிவிடும். புகையும் லாரியும் உள்ள ஊரில் பெண்ணைத் தள்ளமாட்டோம் என்று நாசூக்காகச் சொல்லிவிடுவார்கள். தங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோதும் தங்கள் பங்காளி ஒருவர் அதே பேச்சை எடுத்தார். அப்போது காபித் தட்டோடு நின்ற பூமிகா, "பொக வந்தா ஜன்னல சாத்திக்கலாம் நைனா, உள்ள கீற மனுசங்க எப்டின்னு பாரு" என்று தங்களிடம் சொன்னாளே, அந்த ஒரு வார்த்தையில் ஈஸ்வரி விழுந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "இந்தப் பொண்ணே நம்மூட்டுக்கு வரணும் பெருமாளே, கல்யாணம் முடிஞ்ச கையோட அப்பனும் புள்ளையும் உனக்கு மொட்டை போடுவாங்க" என்று வேண்டிக்கொண்டாள். எங்களைக் கேட்கவில்லை. எங்கள் தலை, அவள் வேண்டுதல். குடும்பம் என்றால் அப்படித்தானே.

இனி சக்கரத்துக்கு வருகிறேன். ஈஸ்வரியின் தம்பி ஜெகன், துறைமுகத்தில் ஏலத்துக்கு வருகிற சாமான்களை எடுத்து விற்கிறவன். பூ வைக்கிற நாளுக்கு முந்தைய வாரம், ஒரு குட்டி யானை வண்டியில் நாலு சக்கரத்தை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். "மாமா, இது வின்டர் வீலு. வெளிநாட்டுல குளிர்காலம் வந்தா காருக்குச் சக்கரத்தயே மாத்திடுவானுங்க. நம்மளுக்கு ஸ்வெட்டர் எப்டியோ அப்டி" என்றான். கேட்டதும் எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. பனிக்காலத்தில் வண்டிக்குக் காலில் குளிருமே என்று நினைக்கிற மனசு எப்பேர்ப்பட்ட மனசு! தடவிப் பார்த்தேன், ரப்பர் குழந்தையின் கன்னம் போல மெத்தென்று இருந்தது. நம்மூரிலும் அப்போது விடியற்காலையில் பனி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைவிட ஒன்று சொல்கிறேன் கேளுங்கள். அந்த டயரின் பக்கவாட்டில் ஒரு முத்திரை. மூன்று முகடு வைத்த மலை, மலைக்குள்ளே ஆறு கால் வைத்த நட்சத்திரம். மலை என்றால் எந்த மலை, ஆறு என்றால் யாருடைய எண்ணிக்கை என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "அது ஐஸ் விழுற ஊருக்கான டயர்னு அர்த்தம் மாமா" என்றான் ஜெகன். அவனுக்குப் பக்தி போதாது. முருக பக்தரான சம்பந்தி வீட்டுக்கு முருகன் முத்திரை போட்ட சக்கரத்தில் போய் இறங்குவதைவிட மரியாதை என்ன இருக்கிறது என்று உடனே மாட்டச் சொல்லிவிட்டேன். கழற்றிய பழைய சக்கரங்களை, காற்றில் தகரம் பறக்காமல் இருக்கத் தன் கோழிக்கூண்டின் மேலே ஜெகன் வைத்துக்கொண்டான். எதையும் வீணாக்க மாட்டான்.

அன்று காலை ஜெகன் வண்டி ஓட்ட, நான் முன்னால், ஈஸ்வரி தட்டு வரிசையோடு பின்னால். விமல் ராத்திரி ஷிப்ட் முடித்து நேரே வந்தவன், பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு ஏறினதும் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். பெரியபாளையம் நெருங்கும்போது, ஸ்பீடு காட்டுகிற முள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஏதோ கண் சிமிட்டியது. சிமிட்டிச் சிமிட்டி அப்புறம் நிலைத்து நின்றது. குனிந்து பார்த்தேன். நாமம்! நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் வளைந்து மேலே ஏறுகிற கோடு, அடியில் பாதம், நடுவில் நேராக ஸ்ரீசூர்ணக் கோடு, அதற்குக் கீழே ஒரு பொட்டு. சாட்சாத் பெருமாளின் நெற்றி. இயந்திரத்துக்குள்ளே இவ்வளவு லட்சணமாக நாமம் சாத்தியிருக்கிறார்களே என்று மெச்சி வாயைத் திறந்ததுதான் நான் செய்த தப்பு. பின்னாலிருந்து ஈஸ்வரி எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ பெருமாளே! கல்யாணம் ஆனப்புறம்தானே மொட்டைன்னேன், இப்பவே கேக்கறாரே!" என்று வாயில் அடித்துக்கொண்டாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஜெகன் மட்டும், "அக்கா, சும்மா பேஜாரு பண்ணாத, சக்கரம் மாத்துனதால காத்து கீத்து கம்மியா இருக்கும்" என்று சொல்லி ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினான். கடைக்காரர் நாலு சக்கரத்திலும் அளந்து பார்த்துவிட்டு, "காத்து கரெக்டா கீது சார். இது இன்னா லைட்டோ எனக்குத் தெரில" என்று கையை விரித்தார். காற்றில் குறையில்லை என்று ஆன பிறகு மிச்சம் இருப்பது தெய்வக் குற்றம்தானே? ஈஸ்வரி அங்கேயே வண்டிக்கு முன்னால் சூடம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜெகன் வண்டியை எடுத்தான். நாமத்தைக் காணோம்! மூவரும் சேர்ந்து "கோவிந்தா!" என்றோம், விமல் தூக்கத்தில் புரண்டு படுத்தான். ஊத்துக்கோட்டைக்குள் நுழையும்போது நாமம் மறுபடி கண்ணைச் சிமிட்டியது.

அப்போதுதான் ஈஸ்வரிக்குப் பெரிய உண்மை ஒன்று புலப்பட்டது. பெருமாள் மாமன், முருகன் மருமகன். நான் என்ன செய்திருக்கிறேன்? மருமகனின் முத்திரையைச் சக்கரத்தில் போட்டுச் சாணியிலும் சேற்றிலும் உருட்டிக்கொண்டு வருகிறேன். "மருமவன தரையில போட்டு ஓட்டிக்கினு போனா மாமன் சும்மா இருப்பாரா? அதான் வண்டிக்குள்ளயே வந்து குந்திக்கினாரு" என்றாள். தாங்கள் ஆயிரம் சொல்லுங்கள், அந்த நேரத்தில் அப்படி ஒரு நியாயத்தைப் பிடிக்க எத்தனை பேரால் முடியும்? முப்பது வருஷம் குடித்தனம் செய்தும் இவள் மூளையின் ஆழம் எனக்குத் தெரியவில்லையே என்று வியந்துபோனேன்.

திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை? குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்பில் உள்ள மரு கரைந்துபோகும் என்பது நம்பிக்கை. மரு கரைந்தால் நாமமும் கரையாதா? தட்டு வரிசைக்கு வாங்கின வெல்லத்தை முழுசாகக் கரைத்தாள் ஈஸ்வரி. வண்டியை எடுத்தோம், நாமம் இல்லை. திருப்பாச்சூர் டீக்கடை வரை போனோம், நாமம் இருந்தது. திரும்பினோம். குளத்தங்கரையில் நான் உட்கார்ந்தேன். பையனுக்கு விசேஷ நாள், அவன் முடி இருக்கட்டும், இப்போதைக்கு என் முடியை வாங்கிக்கொள்ளட்டும் என்று பெருமாளிடம் பேசிப் பார்த்தேன். முடி எடுத்தவரின் கை என்ன கை! கத்தி தலையில் படுவதே தெரியவில்லை, பாதியில் எனக்கே கண் சொக்கியது. மீசையையும் எடுத்துவிட்டார். வண்டியை எடுத்தோம், நாமம் இல்லை. திருப்பாச்சூர் டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார், நாமம் வந்துவிட்டது. திரும்பினோம். இந்தத் தடவை விமலைத் தூக்கக் கலக்கத்தோடு இறக்கி உட்கார வைத்தோம். முகம் கழுவி விடுகிறார்கள் என்று நினைத்துக் குனிந்துகொண்டான். அவன் முழுசாக விழித்துக்கொண்டு "அம்மா, இன்னாம்மா பண்றீங்க!" என்று கத்தியபோது நடுத்தலையில் நெடுஞ்சாலை போட்டாகிவிட்டது. பாதியில் எழுந்தால் இன்னும் கேவலம் என்று முடி எடுத்தவரே சமாதானம் சொல்லி மீதியையும் முடித்தார். என் மகனைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அவன் அம்மா கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் கோபத்தை விட்டுவிட்டான். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "நேரமாச்சு, போலாம்" என்றான்.

மூன்றாம் முறை போனபோது டீக்கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். அப்போது நாமம் இல்லை. திருத்தணி வந்ததும் வந்தது. ஜெகன் தலையில் கொடுப்பதற்கு ஏற்கெனவே ஒன்றும் கிடையாது, அவனுக்கு இருபத்தைந்து வயதிலேயே கொட்டிவிட்டது. வண்டியில் பாக்கி இருந்தது ஈஸ்வரியின் கூந்தல் ஒன்றுதான். அவள் கொண்டையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "இது கோவம் இல்ல. தொணைக்கி வரார்" என்று தீர்ப்புச் சொன்னாள். எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. அப்படித்தான் பெருமாள் துணையோடு தங்கள் வாசலில் வந்து இறங்கினோம்.

அங்கே நடந்ததில் தங்கள் அத்தை ஜானகியம்மாளை நான் குறை சொல்லவே மாட்டேன். அப்பனும் மகனும் மீசைகூட இல்லாமல் மொட்டையாக வந்து இறங்கினால் பெரியவர்கள் என்ன நினைப்பார்கள்? "யாரு நைனா போயிட்டாங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "தையில பூ வைக்க வந்த சனமே, தலையில மண்ணள்ளிப் போட்டானே காலனும், அண்ணன வாரிக்கினு போனானே" என்று எடுத்தார் பாருங்கள் ஒரு ஒப்பாரி! எனக்கு அண்ணனே கிடையாது. வீட்டுக்கு நான்தான் மூத்தவன். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் இல்லாத அண்ணனுக்காக எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. நான் அழுததைப் பார்த்துத் தங்கள் துணைவியார் ஈஸ்வரியைக் கட்டிக்கொண்டு அழ, அதைப் பார்த்து சமையல்காரர் பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்க, யாரோ பூக்கூடையை மூடித் தீட்டு என்று உள்ளே எடுத்துப்போக, இத்தனையும் ஆன பிறகுதான் ஈஸ்வரி மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்கூட்ல யாரும் சாவல, கார்ல நாமம் எரிஞ்சுது" என்று சொன்னாள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

தாங்கள் அப்போது பேசியது ஒன்று விடாமல் என் மனசில் இருக்கிறது. "கார்ல பல்பு எரிஞ்சதுக்கு மொட்டையா? நாளைக்கு என் டிராக்டரு பொகய வுட்டா தீ மிதிப்பீங்களா? மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறவங்க ஊட்ல எம்பொண்ணு எப்டி வாழும்? நீங்க பூ வைக்க வந்தீங்களா, எங்களுக்கு நாமம் போட வந்தீங்களா?" கோபத்திலும் ஒரு வார்த்தை வீணாகவில்லை. மொட்டை, முடிச்சு, பூ, நாமம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொண்டுவந்து கட்டினீர்கள். அந்த இடத்தில் நான் லேசாகத் தலையாட்டிவிட்டேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துத்தான் தாங்கள் கதவைச் சாத்தினீர்கள் என்று பிறகு ஈஸ்வரி சொன்னாள். சத்தியமாகக் கேலி இல்லை, பாராட்டு.

இனிமேல் சொல்லப்போவது தங்களுக்குத் தெரியாது. பூமிகாவைக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். சந்தை ரோட்டுப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தோம். ஈஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "என்னாலதான் போச்சு, எம்புள்ளைக்கி இனிமே யாரு பொண்ணு குடுப்பா" என்றாள். எனக்கு அன்றைக்கு அந்த நேரத்தில்தான் மெச்சுவதற்கு உலகத்தில் எதுவுமே அகப்படவில்லை. அப்போது பட்டுப்புடவையோடு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பூமிகா இறங்கினாள். நேராக வந்து விமலை மேலும் கீழும் பார்த்தாள். "காது பெருசா இருக்குமோன்னு அன்னிக்கே நெனச்சேன். இப்பத்தான் முழுசா தெரியுது" என்றாள். அவன் கையால் இரண்டு காதையும் மூடிக்கொண்டான். அவள் சிரித்தாள். அவ்வளவு பெரிய ஒப்பாரிக்கு அப்புறம் கேட்ட முதல் சிரிப்பு அது. எங்கள் நாலு பேருக்கும் போன உயிர் வந்தது.

"எங்க, அந்த நாமத்த காட்டுங்க" என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் இப்போதுதான் லைசென்சுக்குப் படித்தவளாம், அங்கே இந்தப் படமெல்லாம் சொல்லிக் கொடுத்தார்களாம். "மாமா, இது நாமம் இல்ல. டயர அறுத்து நிறுத்தி வச்சாப்ல படம், நடுவுல ஆச்சரியக்குறி. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளயும் குட்டியா ஒரு சென்சார் கீது. காத்து எவ்ளோ கீதுன்னு அது வண்டிக்கு சேதி அனுப்பும். நீங்க மாட்டிக்கினு வந்த சக்கரத்துல அது இல்ல. சேதி வரலயேன்னு வண்டி கவலப்படுது, அவ்ளோதான்."

"அப்ப ஒவ்வொரு வாட்டியும் அணைஞ்சுதே, சூடம் காட்டினப்ப?" என்றாள் ஈஸ்வரி, விடாமல்.

"வண்டிய நிறுத்தி எடுத்தீங்கல்ல அத்தை? மறுபடி மொதல்லேர்ந்து தேடும். கொஞ்ச தூரம் ஓடிப் பாத்துட்டுத்தான் கெடைக்கலன்னு சொல்லும்."

எவ்வளவு பொறுமை பாருங்கள் அந்த வண்டிக்கு! சேதி வரும் வரும் என்று அது தேடிக்கொண்டே வந்திருக்கிறது, நாங்கள் அதற்கு முடியைக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறோம். ஈஸ்வரிக்கு அவமானத்தில் முகம் சிறுத்துவிட்டது. பூமிகா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "வேண்டுதல் எதுக்கு அத்தை?" என்று மெல்லக் கேட்டாள். ஈஸ்வரி சொல்லத் தயங்கி, "நீ எங்கூட்டுக்கு வரணும்னுதான்" என்று சொன்னாள். பூமிகா சிரிக்கவில்லை. ஈஸ்வரியின் கண்ணைத் தன் புடவைத் தலைப்பாலேயே துடைத்துவிட்டு, "ரெண்டு தல முடி குடுத்துக் கேட்டிருக்கீங்க. யாரு எனக்கு இவ்ளோ குடுப்பா? நைனாவ நான் பாத்துக்கறேன், மொதல்ல இவுருக்கு முடி வளரட்டும்" என்றாள். ஐயா, தாங்கள் நெல் விளைவிப்பதில் கெட்டிக்காரர் என்று ஊரே சொல்கிறது. ஆனால் தாங்கள் வளர்த்ததிலேயே சிறந்தது எது என்று அந்தப் புளியமரத்தடியில் நான் கண்ணால் பார்த்தேன்.

கிளம்பும்போது வண்டியில் வருகிற மற்ற படங்களைப் பற்றியும் எனக்குச் சொன்னாள். "மஞ்சளா எது வந்தாலும் பயப்படாதீங்க மாமா, மெதுவா போய் காட்டிக்கலாம். செவப்பா, எண்ணெ வெளக்கு மாதிரி ஒண்ணு எரிஞ்சா மட்டும் உடனே" என்றாள். அந்த நேரம் பார்த்துக் கரும்பு லோடு லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு போனது. மீதி காதில் விழவில்லை. ஆனால் விரலை நீட்டி நீட்டி, புருவத்தைத் தூக்கித் தூக்கி அவள் சொன்ன அழகில் லயித்துப்போய், எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். எங்களுக்கு மூளை குறைவு என்று தாங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெண்ணை ஏமாற்ற வந்தவர்கள் என்று மட்டும் நினைக்கவேண்டாம். அந்தப் பெண் வேண்டும் என்பதற்காக முடியைக் கொடுத்த குடும்பத்தில் அவள் கண் கலங்க மாட்டாள். சேதி வராவிட்டால் வண்டிக்குள் விளக்கு எரிகிறது என்று பூமிகா சொன்னாள். தங்களிடமிருந்து சேதி வராமல் என் நெஞ்சிலும் அப்படித்தான் ஒன்று அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. ஜெகனின் கோழிக்கூண்டிலிருந்து பழைய சக்கரங்களை இறக்கி மாட்டியாகிவிட்டது. நாமம் போயே போய்விட்டது. ஜெகன் சக்கரம் மாட்டியதோடு நிற்கவில்லை, வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினுக்குக் கீழே அழுக்கேறிக் கிடந்த ஒரு போல்ட்டையும் தானாகவே கழற்றித் துடைத்து மாட்டினான். கழற்றியபோது உள்ளேயிருந்து கறுப்பாக அழுக்கெண்ணெய் நிறையக் கொட்டிப்போனது. எவ்வளவு பொறுப்பு பாருங்கள்! விமலுக்கு முடி முளைத்து, தலை இப்போது அறுத்த வயல் போலப் பார்க்க நன்றாகவே இருக்கிறது. இனி என் ஆயுசுக்கும், வண்டி காட்டுவதைச் சாமி காட்டுவதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஈஸ்வரியையும் எடுத்துக்கொள்ள விடமாட்டேன் என்று வீரராகவப் பெருமாள்மேல் ஆணையாகச் சொல்கிறேன். மாசி பிறந்ததும் ஒரு நாள் குறித்துச் சேதி அனுப்பினால், நேரத்துக்கு, முடியோடு வந்து சேருவோம்.

துணைவியார் பூவம்மாளுக்கு எங்கள் வணக்கம். பூமிகாவுக்கு எங்கள் ஆசீர்வாதம், ஆல்போலத் தழைக்கட்டும். சிவப்புப் பசுவுக்கு என் சார்பில் ஒரு கைப்பிடி புல். ஜானகியம்மாளுக்குத் தனியாக ஒரு கும்பிடு. என் அண்ணனுக்காக அவர் பாடியதில் காலனுக்கு அப்புறம் வருகிற அடி மறந்துபோயிற்று, நேரில் வரும்போது கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி ஆகக் காத்திருக்கும்
துளசிராமன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பி இன்று காலை வண்டியை எடுத்தோம். என்னவென்று சொல்வேன்! நாமம் எரிந்த அதே இடத்தில் சிவப்பாக ஒரு விளக்கு. மூக்கு வைத்த எண்ணெய் விளக்கேதான், மூக்கு நுனியில் ஒரு சொட்டுகூடத் தெரிகிறது. ஈஸ்வரி பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நம்மூட்ல வெளக்கேத்தறவ வர நேரம் வந்துட்ச்சி" என்று கண் கலங்கிவிட்டாள். பூமிகாவும் அன்றைக்கு அதைத்தானே சொன்னாள், செவப்பா விளக்கு எரிந்தால் மட்டும் உடனே என்று? உடனே கிளம்பிவிட்டோம். மாசி வரை காத்திருக்க வேண்டாம். மேலே போட்ட ஆணையைப் பெருமாள் பொறுத்துக்கொள்வார். கடிதத்தை நேரிலேயே கொடுத்துவிடலாம் என்று இதை வண்டியில் இருந்தபடியே எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளவும். திருப்பாச்சூர் டீக்கடை தாண்டிவிட்டது, விளக்கு ஒரு நிமிஷம்கூட அணையவில்லை. வண்டிக்குள்ளிருந்துதான் கடகட கடகடவென்று ஒரு சத்தம், வரவரப் பலமாகக் கேட்கிறது. கெட்டிமேளம் என்கிறாள் ஈஸ்வரி.